திருநெல்வேலி ஜில்லாவில் உழைக்கும் ஸ்திரீகளின் தொழில்கள்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, விலாசம், தொழில் என்று கட்டங்கள் வரிசையாக அமைந்திருக்கக் காணலாம். ஆண்மக்களின் பெயருக்கு நேரே தொழில் என்ற கட்டத்தில் விவசாயம், பனைத்தொழில், வியாபாரம், கொத்து வேலை என ஏதேனும் ஒன்று எழுதப்பட்டிருக்கும். ஸ்திரீகளின் பெயருக்கு நேரே, அப்படி ஒரு பெயர் பதிவேட்டில் இருக்குமாயின், பெரும்பாலும் "வீட்டு வேலை" என்ற இரண்டு சொற்களோ, அல்லது வெறும் ஒரு கோடோதான் இருக்கும். அந்தக் கோட்டைப் பற்றிப் பேசுவதே இன்றைய பிரசங்கத்தின் நோக்கமாகும்.

கோடு போடப்பட்ட அந்த அம்மாள் யார்? விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிப் பதனீர் காய்ச்சுகிறவளாக இருக்கலாம். மடியிற் சுளகை வைத்துக்கொண்டு நாளெல்லாம் பீடி சுற்றுகிறவளாக இருக்கலாம். கோரையைக் கிழித்து ஊறவைத்துப் பாய் நெய்கிறவளாக இருக்கலாம். முழங்கால் அளவு சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவளாகவும் இருக்கலாம். இவை யாவும் பணம் வரும் தொழில்களே. ஆயினும் எழுதுகிற கைக்கு இவை தொழிலாகத் தோன்றுவதில்லை. ஜனக்கணக்கு எடுக்க வருகிறவர் வாசலில் நின்று, "வீட்டம்மாள் என்ன வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர், "அவளா? சும்மா வீட்டிலேதான் இருக்கிறாள்" என்று பதில் சொல்வது வழக்கம். அதைச் சொல்லும்போதே உள்ளே கத்தரி ஓடும் சப்தம் கேட்டுக்கொண்டிருக்கும். 1991-ஆம் ஆண்டு ஜனக்கணக்கில், கூலி பெறாமல் குடும்ப நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ செய்யும் உழைப்பையும் சேர்த்தே விசாரிக்கவேண்டுமென்று கேள்வித்தாளிலேயே அச்சிட்டார்கள். கேள்வி திருந்தியபோதிலும், திண்ணையிலிருந்து வரும் பதில் எல்லா ஊர்களிலும் திருந்திவிட்டதென்று சொல்வதற்கில்லை.

திருநெல்வேலி ஜில்லா என்று இங்கே குறிப்பிடுவது பழைய பெரிய ஜில்லாவை. 1986-இல் தூத்துக்குடியும், 2019-இல் தென்காசியும் தனி ஜில்லாக்களாகப் பிரிந்தன. எனினும் தாமிரபரணிப் பாய்ச்சலும், தெற்கே தேரி மணலும், வடக்கே கரிசலும் எல்லைக்கல்லைப் பார்த்துத் தங்கள் தொழிலை மாற்றிக்கொள்வதில்லையாதலால், மூன்றையும் சேர்த்து நோக்குவதே பொருத்தம்.

ஆற்றுப்பாசனப் பிரதேசத்தில் கார், பிசானம் என்ற இரு போகங்களும் நெடுங்காலமாக ஸ்திரீகளின் முதுகின்மேல் விளைந்து வந்தன. நடவும் களையெடுப்பும் முற்றிலும் அவர்களுடையவை. அறுப்பிலும் பெரும்பங்கு அவர்களுடையதே. அறுப்பு இயந்திரம் வந்தபின் அந்தப் பங்கு சுருங்கிவிட்டது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட நூறு நாள் வேலையில், இந்த மாகாணத்தில் ஆண்களைவிட ஸ்திரீகளே மிகப் பெருவாரியாகச் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வேலையின் மற்றைக் குறைநிறைகளை ஆராய்வதற்கு இது இடமன்று. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: வேலை அட்டையில் அவளுடைய பெயர் எழுதப்பட்டது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம் வகுக்கப்பட்டது, கூலி அவள் கணக்கிற் சேர்ந்தது. அதுவரை வயற்கூலியைக் கணவன் கையில் வாங்கிப் பழகிய அநேகருக்கு, பாங்கியில் தம் பெயரால் ஒரு புத்தகம் உண்டென்பதே அப்போதுதான் தெரியவந்தது.

இனிப் பனையைப் பார்ப்போம். உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை முதலிய இடங்களில் பனைத்தொழில் என்றால் மரமேறும் ஆண்மகனே எல்லோர் கண்முன்னும் தோன்றுகிறான். அவன் காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்திற் பதனீர் இறக்குகிறான். அவனுடைய உழைப்பு கடினமானது, உயிருக்கு அபாயமுள்ளது, அதைக் குறைத்துச் சொல்ல ஒருவரும் துணியார். ஆனால் இறக்கிய பதனீர் சில மணி நேரத்துக்கு மேல் நில்லாது. அதைக் கருப்பட்டியாக்கினால்தான் காசு. அந்த ஆக்கம் முழுவதும் ஸ்திரீயின் கையில் இருக்கிறது. வடிகட்டிப் பெரிய சட்டியில் ஊற்றி, காய்ந்த மட்டையையும் உடைமுள்ளையும் எரித்து, பல மணி நேரம் அடுப்பின் எதிரே நின்று கிண்டுகிறாள். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுகிறாள். பாகு இறுகிவரும் தருணத்தில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்க்கிறாள். அடுப்பை இறக்கும் நேரம் சற்றுத் தப்பினால் கருகிக் கசக்கும். சற்று முந்தினால் மழைக்காலத்தில் கருப்பட்டி கசிந்து உருகிப்போகும். பின்பு சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகிறாள். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு மரமும் மணலும் எவ்வளவு காரணமோ, அந்தப் பதம் பார்க்கும் விரலும் அவ்வளவு காரணம்.

1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நிறைவேறியபோது, கள் இறக்கிப் பிழைத்தவர்களுக்குப் பதனீரும் வெல்லமுமே கதியாயின. அவர்களுக்காகப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் பெருகின. நல்ல நோக்கத்துடன் ஏற்பட்ட ஏற்பாடு. ஆனால் மரம் ஏறுகிறவனே தொழிலாளி, ஆகவே அவனே அங்கத்தினன் என்ற எண்ணம் பரவலாக நிலவிற்று. ஏறுகிறவன் மரத்திலிருந்து விழுந்து மாண்டால் என்ன ஆகும்? பங்குத்தொகை வாரிசுக்குத் திரும்பும். பாக்கிக் கடனுக்கு வசூல் நோட்டீசும் அதே வாசலுக்கு வரும். அவ்வளவோடு அந்த வீட்டுக்கும் சங்கத்துக்கும் உள்ள உறவு முடியும். இருபது வருஷம் சட்டியின் முன் நின்றவள், அயலான் இறக்கும் பதனீரை வாங்கிக் காய்ச்சிப் பிழைக்க வல்லவள். அவளுக்கு வேண்டியது ஒரு சட்டியும், விறகும், பதனீர் வாங்கச் சிறிது முதலும் மட்டுமே. ஆனால் "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்று கேட்கும் மனுத்தாளுக்கு அவளிடம் ஆதாரம் இல்லை. சங்கத்தின் எந்த ஏட்டிலும் அவள் பனைத்தொழிலாளி என்று எழுதப்பட்டதில்லை. அவள் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறாள். விலை மலிந்திருக்கும் பருவத்திலேயே சரக்கை அவனுக்கு அளந்துவிடுகிறாள். மழைக்காலத்தில் விலை ஏறும்போது கருப்பட்டி அவன் கிடங்கில் இருக்கிறது.

இதே தேரிப் பிரதேசத்தில் வேறு விதமான வரலாறும் ஒன்று உண்டு. நாகர்கோவிலில் மிஷன் மாதர்கள் ஏழைப் பெண்களுக்குக் கற்பித்த லேஸ் பின்னும் வேலையை, 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்த எலைசா அம்மையார் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். பனையடியில் இருந்த பெண்களின் கை, நூலும் ஊசியும் பழகிற்று. மணப்பாட்டிலோ கடற்கரைக் குடும்பத்துப் பெண்கள் பனங்குருத்தோலையைச் சாயமேற்றிப் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். அவர்கள் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டு விற்பனை செய்துவந்தமை பலரும் அறிந்ததே. பனை வெல்லச் சங்கத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுதான்: முடைகிறவளே அங்கத்தினள், அவளுடைய உருப்படிக்கு அவள் பெயராலேயே வரவு எழுதப்படும்.

பத்தமடைப் பாயைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் நெய்த பாய் வாங்காத குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. அதைப் பட்டுப்போல் மெல்லியது என்று புகழாதாரும் குறைவு. ஆற்றங்கரைக் கோரையைப் பசுமையாய் அறுத்து, கிழித்து, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, மறுபடி உலர்த்தி, சாயம் தோய்த்து, பருத்தி நூற்பாவில் கோத்து நெய்யவேண்டும். முரட்டுப் பாய் ஓரிரு நாளில் முடியும். மெல்லிய பாய்க்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அந்தத் தறியில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். புகழ் ஊருக்குப் போகிறது. லாபம் பெரும்பகுதி கடைக்குப் போகிறது. நெய்தவளுக்குக் கோரை வாங்கின கடன் நிற்கிறது. கோரை மலிவாகக் கிடைக்கும் பருவத்தில் ஒரு வருஷத்துக்கு வேண்டியதை வாங்கிக் கட்டிவைக்க முடிந்தால் அவள் தலைநிமிர்வாள். அதற்குத்தான் கூட்டுறவுக் கடன் என்று ஒன்று உலகத்தில் ஏற்பட்டது.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் தீப்பெட்டி வேலை. மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் பொய்க்கும் அந்தப் பூமியில், கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதுமே பல வீடுகளின் அடுப்பை எரியவைத்தன. சிறுமிகளும் அதிற் சேர்க்கப்பட்டு, அதிகாலையில் வண்டியேற்றிக் கொண்டுபோகப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்வந்த கண்டிப்பும் பள்ளிக்கூடச் சத்துணவும் அதைப் பெரிதும் நிறுத்தின. அது நின்றது நல்லதே. ஆனால் அன்று பெயரில்லாமல் வேலை செய்த அந்தச் சிறுமிகள் இன்று வயதான ஸ்திரீகள். அந்த வருஷங்களுக்கு அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

இப்போது இந்த ஜில்லாவில் மிகவும் அதிகமான ஸ்திரீகளின் கையில் உள்ள தொழிலுக்கு வருவோம். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர், மேலப்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் பிற்பகல் வேளையில் ஒவ்வொரு வாசற்படியிலும் சுளகோடு பெண்கள் உட்கார்ந்திருக்கக் காணலாம். தறியின் ஓசை குறைந்த நெசவாளர் வீடுகளிலும், மழையை நம்பிய புன்செய்க்காரர் வீடுகளிலும் பீடி புகுந்து நிலைத்துவிட்டது. "பெண்ணுக்குப் பீடி சுற்றத் தெரியுமா?" என்று சம்பந்தம் பேசும்போதே கேட்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டாயிற்று. கேட்கிறவர்கள் அதைத் தொழில் என்று அறிந்தே கேட்கிறார்கள். கல்யாணம் முடிந்தபின் அதுவே "வீட்டு வேலை" ஆகிவிடுகிறது!

பீடி இலை இந்த ஜில்லாவில் விளைவதன்று. வட தேசத்துக் காடுகளிலிருந்து வருகிறது. முதல்நாள் மாலையில் இலையை நனைத்துச் சாக்கிற் சுற்றிவைத்து, மறுநாள் தகர அளவை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் பரப்பி, சுற்றி, நூலாற் கட்டி, தலையை மடித்து, 25 பீடி கொண்ட கட்டுகளாகச் சேர்த்துக் கடையில் ஒப்படைக்கவேண்டும். கைதேர்ந்தவள் நாளொன்றுக்கு 700 முதல் 1,000 வரை சுற்றுவாள். அதற்கு இடையிலேதான் சமையல், தண்ணீர், பிள்ளைகள், ஆடுமாடு எல்லாம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. ஆனால் கடையில் நிறுத்துக்கொடுக்கும் இலை ஆயிரத்துக்குப் போதாமற் போனால், குறைந்த இலையை அவளே விலைக்கு வாங்கி ஈடுசெய்யவேண்டும். கடைக்காரர் "சொத்தை" என்று கழிக்கும் பீடிக்குக் கூலி இல்லை. கழித்த பீடி அவள் கைக்குத் திரும்புவதும் அருமை. ஆயிரத்துக்குக் கிடைக்கும் கூலி 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், இலைக்கு 10 பங்கும், கழிவுக்கு 5 பங்கும் போனால், மிச்சம் 85 பங்குதானே? கையெழுத்து மட்டும் 100 பங்குக்கு. இது உதாரணத்துக்குச் சொன்ன கணக்கு. அவரவர் வீட்டுச் சுளகின் கணக்கை அவரவரே போட்டுப் பார்க்கலாம்.

சட்டம் இத்தொழிலாளியை மறந்துவிடவில்லை. 1966-இல் இயற்றப்பட்ட பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுகிறவளும் தொழிலாளியே என்று கொண்டது. முதலாளிகள் வழக்குத் தொடுத்தனர். 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1976-இல் பீடித்தொழிலாளர் சேமநல நிதி ஏற்பட்டது. அதன் மூலம் முக்கூடலில் ஆஸ்பத்திரியும், பிள்ளைகளுக்குப் படிப்பு உதவியும், வீடு கட்ட உதவியும் வந்தன. அந்நிதிக்கு ஊற்றாயிருந்த தீர்வை 2017-இல் நின்றுபோயிற்று. 1977-இல் வருங்கால வைப்புநிதி இத்தொழிலுக்கும் விரிந்தது. வீட்டிலிருந்து சுற்றுகிறவளுக்கும் அது பொருந்துமா என்ற வழக்கில், பொருந்தும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் முடிவு கூறிற்று. அவள் மேற்பார்வை செய்யும் மேஸ்திரியின் கண்முன் உட்காராவிட்டாலும், அவள் சுற்றியதை ஏற்கவும் கழிக்கவும் முதலாளிக்கு உரிமை இருப்பதே அவளை அவன் வேலையாள் ஆக்குகிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். கழிக்கிற கையே அவளுக்குச் சாட்சியாயிற்று என்பதைக் கவனிக்கவேண்டும். 2025 நவம்பரில் புதிய தொழிற்சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டன. எந்தச் சட்டமானாலும் ஆபீஸில் முதலிற் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது?

இங்கேதான் குடும்பமே தன் பெண்களுக்குத் தீங்கு செய்துகொள்கிறது. ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். மாமியார், மருமகள், கல்யாணமாகாத மகள் ஆக மூவரும் பீடி சுற்றுகிறார்கள். பாஸ் புத்தகம் மாமியார் பெயரில் ஒன்றுதான். மூவரின் பீடியும் அந்த ஒரே புத்தகத்தில் ஏறுகிறது. கடைக்கு அது சௌகரியம்: மூன்று பேருக்குச் செலுத்தவேண்டிய பொறுப்பு ஒருவரோடு முடிந்தது. வீட்டுக்கும் அது சௌகரியமாகவே தோன்றுகிறது: ஒரே கணக்கு, ஒரே கையில் பணம். மாமியாருக்கு 58 வயதாகிறது, புத்தகம் முடிகிறது, வைப்புநிதி அவர் பெயரால் வருகிறது, ஓய்வூதியமும் அவருக்கே. மருமகளுக்கு அப்போது 38 வயது. அவள் 18 வருஷம் சுற்றியிருக்கிறாள். ஏட்டின்படி அவள் ஒரு நாளும் சுற்றவில்லை. ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருஷச் சேவை வேண்டும். அவள் முதல் வருஷத்திலிருந்து தொடங்கவேண்டும், அதுவும் கடைக்காரர் புதுப் புத்தகம் தர இசைந்தால். மகளோ கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாள். அவள் பங்கு எதிலும் இல்லை. இவ்வளவுக்கும் இந்த வீட்டில் ஒருவரும் கெட்டவர் அல்லர். ஓய்வூதியத் தொகைதான் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். 2014-இல் குறைந்தபட்சமாக வகுத்தது மாதம் 1,000 ரூபாய். சிறிய தொகைதான். சுளகைத் தூக்கி வைத்துவிட்ட கிழவிக்கு, மருந்துக்கும் வெற்றிலைக்கும் மகனிடம் கைநீட்டாமல் இருப்பதற்கு அது போதும். அதன் அருமை கைநீட்டினவர்களுக்குத் தெரியும்.

பீடித்தொழிலில் கூட்டுறவு நடவாது என்பார்க்கு மலையாளத்துக் கண்ணூரின் அனுபவத்தைச் சொல்லலாம். 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தை அங்கே அமல்நடத்த முற்பட்டபோது, பெரிய கம்பெனிகள் கதவைச் சாத்திவிட்டுப் போயின. ஆயிரக்கணக்கானவர் தெருவில் நின்றனர். 1969-இல் அவர்கள் சங்கங்களாகச் சேர்ந்து, தினேஷ் பீடி என்ற மத்திய சங்கத்தை நிறுவி, தாமே சுற்றித் தாமே விற்றனர். உச்சநிலையில் 40,000 பேர் அளவுக்கு அதில் வேலை செய்தனர். இந்த ஜில்லாவைப்போல் வீட்டு வாசலில் அல்ல, பொதுக் கொட்டகையில் அமர்ந்து சுற்றினர். சுற்றும்போது ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர் கேட்டனர். வைப்புநிதியும் விடுமுறைச் சம்பளமும் அவரவர் பெயரால் ஒழுங்காக ஏறின. பின்னர் பீடிக்குக் கிராக்கி குறைந்தபோது அச்சங்கம் குடை, தேங்காய்ப் பால், ஊறுகாய், ஆடை என்று வேறு சரக்குகளுக்கும் திரும்பிற்று.

திரும்பவேண்டிய அவசியம் இங்கேயும் உண்டு. பீடி குடிக்கிறவனுக்குக் கேடு என்பது எல்லோரும் அறிந்தது. சுற்றுகிறவளுக்கும் தூளால் இருமலும், குனிந்தபடி இருந்து முதுகுவலியும் வருகின்றன. ஆதலின் இளம்பெண்களைப் புதிதாகச் சுளகில் உட்காரவைப்பதற்காக ஒரு சங்கம் தொடங்கும்படி இங்கே சொல்லவில்லை. முப்பது வருஷம் சுற்றியவளுக்குச் சேரவேண்டியது அவள் பெயரிற் சேரவேண்டும். இளையவளுக்கு வேறு தொழிலுக்கு முதல் கிடைக்கவேண்டும். இரண்டுக்கும் சங்கத்தால் செய்யக்கூடியது உண்டு.

ஸ்திரீகளின் பெயரால் ஏடு திறப்பது புதிய காரியம் அல்ல. 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் பிற்காலத்தில் எல்லா ஜில்லாக்களிலும் பரவின. ஒவ்வொரு ஊரிலும் பெண்கள் சேர்ந்து சேமித்து, கூட்டுறவுச் சங்கத்திலும் பாங்கியிலும் கடன் பெற்று, தவணை தவறாமல் கட்டினர். ஆனால் மேலே சொன்ன வீடுகளில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். கடன் புத்தகத்தில் அவள் பெயர் ஏறிவிட்டது. தொழில் புத்தகத்தில் ஏறவில்லை. கணவனுடைய மோட்டார் சைக்கிளுக்கும் மைத்துனன் கல்யாணத்துக்கும் அவள் கடனாளியானாள். தன் சட்டிக்கும், தன் கோரைக்கும், தன் ஓலைக்கும் வாங்கிய கடன் அதில் எத்தனை பங்கு என்று குழுவின் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். அவளே தவணை கட்டுகிறாள், பீடிக் கூலியிலிருந்து.

சில அங்கத்தினர் ஆட்சேபிப்பதுண்டு. "ஒரு வீட்டுக்கு ஓர் அங்கத்தினர் போதாதா? கணவனுக்கு ஒரு வோட்டு, மனைவிக்கு ஒரு வோட்டா?" என்பது ஒன்று. வீட்டுக்கு ஒரு வோட்டு என்று கூட்டுறவில் எங்கும் விதி இல்லை. ஆளுக்கு ஒரு வோட்டு என்பதே விதி. 18 வயது நிரம்பி, சங்க எல்லைக்குள் வசித்து, பங்குத்தொகை செலுத்தும் எவரும் சேரலாம். கணவனும் மனைவியும் வெவ்வேறாக வோட்டுக் கொடுத்தால் வீட்டில் சண்டை வரும் என்று அஞ்சுகிறவர்கள், ஒரே வோட்டு இருந்த காலத்தில் அவ்வீட்டில் சண்டையே இல்லாதிருந்ததா என்று நினைத்துப் பார்க்கட்டும்.

"கூட்டத்துக்கு ஸ்திரீகள் வருவதில்லையே" என்பது மற்றொன்று. மகாசபை எந்த நேரத்தில் கூடுகிறது? காலை 10 மணிக்கு. பதனீர் சட்டியில் கொதிக்கும் நேரம் அது. பீடி கொண்டுபோய்க் கொடுக்கும் நேரமும் பெரும்பாலும் அதுதான். அந்த நேரத்துக்குக் கூட்டம் வைத்துவிட்டு, அவள் வரவில்லை என்று வருகைப் புத்தகத்தில் குறிப்பது நியாயமாகாது. பிற்பகல் 4 மணிக்கு, பள்ளிக்கூட வராந்தாவிலோ கோயில் மண்டபத்திலோ, அவள் சுளகையும் எடுத்துக்கொண்டு வந்து உட்காரக்கூடிய இடத்தில் வைத்துப் பார்க்கலாம். கையில் வேலை இருந்தால் காது வேலை செய்யாது என்று யார் சொன்னது?

இனிக் காரியதரிசிகளும் பஞ்சாயத்தாரும் செய்யவேண்டியதைச் சொல்லவேண்டும். பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு ஸ்திரீயையும் நேரில் விசாரித்து, கோடு போட்ட கட்டத்தில் அவள் செய்யும் தொழிலை அதன் பெயராலேயே எழுதவேண்டும்: பதனீர் காய்ச்சுதல், பாய் நெய்தல், ஓலை முடைதல், பீடி சுற்றுதல், நடவு. எத்தனை வருஷமாக என்பதையும் பக்கத்தில் குறிக்கவேண்டும். அவளிடமே கேட்கவேண்டும், திண்ணையிற் கேட்டு எழுதக்கூடாது. சங்கத்தில் இன்னும் சேராத வீட்டுப் பெண்கள் இருந்தால் அவர்களுக்கு மனுத்தாள் கொடுக்கவேண்டும். பீடி சுற்றும் வீடுகளில் எத்தனை பேர் சுற்றுகிறார்கள், எத்தனை புத்தகம் இருக்கிறது என்று இரண்டு எண்களை மட்டும் எழுதிவைத்தாற் போதும். இரண்டுக்கும் வித்தியாசம் உள்ள வீடுகளின் ஜாபிதாவைச் சங்கத்தின் பெயரால் தொழிலாளர் இலாகாவுக்கும் வைப்புநிதி ஆபீஸுக்கும் அனுப்பலாம். தனி ஒருத்தி கடையில் போய்ப் புத்தகம் கேட்டால் மறுவாரம் அவளுக்கு இலை கிடைக்காமற் போகலாம். 40 பேருக்கு ஒரு சங்கம் கேட்டால் அப்படிச் செய்வது கடினம்.

கடன் மனுக்களைப் பார்வையிடும்போது, ஸ்திரீ மனுதாரர் என்ன காரியத்துக்குக் கேட்கிறாள் என்ற கேள்விக்குப் பதில் அவள் தொழிலோடு பொருந்துகிறதா என்று பஞ்சாயத்தார் பார்க்கவேண்டும். பொருந்தினால் ஜாமீனுக்குக் கணவன் கையெழுத்தையே முட்டுக்கட்டையாக்காமல், அதே தொழில் செய்யும் இரண்டு ஸ்திரீகளின் ஜாமீனை ஏற்கலாமா என்று யோசிக்கவேண்டும். அவளுடைய சட்டியின் பதம் எப்படி என்று, பக்கத்து அடுப்புக்காரிக்குத் தெரிந்ததைவிட வேறு யாருக்கும் தெரியாது.

தேரிப் பக்கத்தில் மாசி பிறந்தால் பாளை சீவத் தொடங்கிவிடுவார்கள். அதன் பிறகு நாலைந்து மாதத்துக்கு அடுப்படியிலிருந்து ஒருத்தியும் எழுந்து வரமாட்டாள். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியவர்கள் தை மாதத்துக்குள் போய்விட்டு வருவது உத்தமம். மனுத்தாள்கள் சங்கத்தில் இல்லையானால், ஜில்லா ஆபீஸுக்கு ஒரு கார்டு எழுதி வேண்டிய அளவு தருவித்துக்கொள்ளலாம்.